கடல் கடக்கிற ஆக்கள் முன்னுக்கு

என் மகளின் கார் பிரண்ட சாலையைப் பற்றி, அதில் தினமும் லொறி ஓட்டுகிறவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும். ஒரு முறைகூட நான் அதில் போனதில்லை.

சில்வர் சிற்றி நெடுஞ்சாலை என்று பெயர். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், தெற்கே மறே ஆற்றங்கரையில் தொடங்கி, புரோக்கன் ஹில் என்ற சுரங்க நகரத்துக்குள்ளால் வடக்கே குவீன்ஸ்லாந்து எல்லைவரை பாலைநிலத்தில் போகிறது. மண்ணுக்குக் கீழே வெள்ளி கிடைத்த காலத்தில் அந்தப் பக்கத்துச் சாமான்களை ஒட்டகங்கள் சுமந்தன. ஓட்டி வந்தவர்களை ஆப்கானியர் என்று பொதுவாக அழைத்தார்கள். அவர்களில் நம் பக்கத்து நாடுகளைச் சேர்ந்தவர்களும் இருந்தார்களாம். பிறகு கம்பளி மூட்டைகள், பிறகு ஆட்டு லொறிகள். வடக்குப் பகுதி முழுவதற்கும் தார் வந்து சில ஆண்டுகள்தான் ஆகிறது. அதற்கு முன், ஒரு மழை பெய்தால் செம்மண் குழைந்துவிடும், பாதையைப் பூட்டிவிடுவார்கள். எதிரே வருகிற வாகனக்காரர், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்ரேறிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்திவிட்டுத்தான் போவார்.

இதையெல்லாம் விபத்துக்குப் பிறகு நான் இருந்து இருந்து படித்தேன். என்ன தேடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாலையின் மேல் ஒரு குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

ஆரபிக்கு இருபத்து மூன்று வயது. ஒரு நண்பியோடு பாலைநிலம் பார்க்கப் போனாள். கங்காரு ஒன்று குறுக்கே பாய, காரை வெட்டித் திருப்பினாள், கார் பிரண்டது. அவளுக்குச் சிராய்ப்புகள். பக்கத்தில் இருந்த நண்பிக்குத் தோளெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. லொறிக்காரர் ஒருவர் நிறுத்தி, ஒரு ஆட்டுப் பண்ணையின் ஓடுபாதையில் வைத்தியர்களின் விமானம் வந்து இறங்கும்வரை இருவருக்கும் நிழல் பிடித்துக்கொண்டு நின்றாராம். நண்பி இப்போது நடக்கிறாள், வாரத்துக்கு ஒரு தடவை ஆரபியோடு போனில் கதைக்கிறாள், கோபமும் இல்லை. ஆனால் ஆரபி அதன் பிறகு ஒரு வாகனத்தின் திறப்பையும், சாவியைத்தான் சொல்கிறேன், கையால் தொடவில்லை. கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கிடைத்த ஆசிரியர் வேலையை, கார் இல்லாமல் அங்கே போக ஏலாது என்பதால், வேண்டாம் என்று எழுதிவிட்டாள். அடிலெயிட்டில் எங்கள் வீட்டில், தன் அறைக்குள், வயதான ஆட்களைப்போல யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

தாயாக எனக்கு அது கவலை தந்திருக்க வேண்டும். தந்ததுதான். ஆனால் இரவில் போன் அடித்தால் அவள் பக்கத்து அறையில் இருக்கிறாள் என்ற நிம்மதியும் கூடவே இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி இருக்கின்றன என்று என்னைக் கேட்கவேண்டாம்.

விபத்துச் செய்தி வந்த காலையில் குசினி நிலத்தில் இருந்தபடி நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன்: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உன் வாசலுக்கு வருவேன். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

யாழ்ப்பாணத்தில் தங்கியது வதனி வீட்டில். வதனி என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள். முதல் நாள் இரவு இடியப்பமும் சொதியும் கணவாய்ப் பிரட்டலும் வைத்தாள். பயணக் களைப்பில் நான் கொறித்தேன். ஆரபி மூன்றாம் தடவையும் சொதி விட்டுக்கொண்டாள். சாப்பாடு முடியுமுன் வதனி தன் ஸ்கூட்டியின் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். முன்பொரு விடுமுறையில் ஆரபி அந்த ஸ்கூட்டியில்தான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் கடற்கரைக்குமாகச் சுற்றித் திரிந்தவள்.

"நயினாதீவுக்கு இதிலையே போங்கோ. படகுத் துறைவரைக்கும் நல்ல றோட்டு."

ஆரபி திறப்பைப் பார்க்காமல், பஸ்ஸில் போவோம் மாமி என்றாள். நான் அவளைவிட வேகமாக, பஸ்தான் நல்லது என்றேன். வதனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன், பஸ் ஒருநாளும் கடலுக்கை போகாதோ?" என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அடுத்த நாள் ஒத்திகைபோலப் பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போனோம். யாழ்ப்பாண நகரம் பண்ணை என்ற இடத்தில் சட்டென்று முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கடலுக்கு நடுவே போட்ட தெரு. இப்படிக் கடலை நிரவிப் போட்ட தெருவுக்குத் தாம்போதி என்று பெயர். இரண்டு பக்கமும் நீர். ஆனால் ஆழம் முழங்காலளவுதான் இருக்கும்போல, நட்ட தடிகளில் வலை கட்டிய மீனவர்கள் நடந்தே போய் மீன் எடுக்கிறார்கள். பார்வைக்கு எட்டிய தூரம் எதுவும் உயரமாக இல்லை. படங்களில் மட்டும் பார்த்த அந்தப் பாலைநிலச் சாலையின் ஞாபகம் எனக்கு வந்தது. மண்ணுக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான். நேராக, மறைப்பில்லாமல், வெயிலைத் தவிர வேறு துணையில்லாமல் போகிற தெரு.

நான் சிறுமியாக இருந்தபோதே இந்தத் தெரு இருந்தது. அதற்கு முந்திய தலைமுறைக்குத் தீவு என்றால் வள்ளந்தான். காற்று விட்டால் வரும், விடாவிட்டால் நிற்கும். போர்க்காலத்தில் பண்ணைப் பாதை பூட்டப்பட்டது. தீவுகளில் வீடுகள் வெறுமையாகின. பனைகள் மட்டும் இடம்பெயராமல் நின்றன. பிறகு திறந்தார்கள், காவலரண்கள் வைத்தார்கள், பிறகு அவற்றையும் எடுத்தார்கள், கடைசியாகக் காப்பெற் என்று சொல்கிற வழவழப்பான தார் போட்டார்கள். பஸ் வழுக்கிக்கொண்டு போனது. வழுக்கிக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கவில்லை. சுருவில் என்ற ஊர்ப் பக்கத்து வளைவுகளில் ஆரபியின் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன். அவள் பிடிக்க விட்டாள்.

ஊர்காவற்றுறையில் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடையில் மீன் றோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும். ஒரு காலத்தில் பெரிய பாய்க்கப்பல்கள் வந்த துறை. இப்போது காரைநகருக்குப் போகிற மிதவை ஒன்று மோட்டார் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு அங்கும் இங்குமாகப் போய்வருகிறது. அந்த மிதவையை இங்கே பாதை என்றுதான் சொல்வார்கள். பாதை வந்திட்டுது, பாதை போயிட்டுது என்று சனம் கதைப்பதைக் கேட்டு ஆரபி சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டு எனக்குக் கனநாள்.

மூன்றாம் நாள் காலை நயினாதீவுக்கு வெளிக்கிட்டோம். குறிகட்டுவான் பஸ் நிறைந்துதான் இருந்தது. புங்குடுதீவின் கோடியான குறிகட்டுவானில் தரை முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்துதான் படகு. நயினாதீவு கிட்ட, படகுகள் அடிக்கடி உண்டு. நெடுந்தீவு தூரம். அன்று காற்று என்பதால் நெடுந்தீவுக்குக் காலைப் படகு மட்டும், பின்னேரப் படகு இல்லை என்று பஸ்ஸுக்குள்ளேயே பேச்சு அடிபட்டது.

எங்களுக்கு முன் இருக்கையில் இருந்தவர் மேரி அக்கா. நெடுந்தீவுக்காரி, ஐம்பது வயது மதிக்கலாம், யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் தமக்கையோடு ஒரு இரவு நின்றுவிட்டுத் திரும்புகிறார். அந்த விவரமெல்லாம் வேலணை தாண்டுவதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மாடுகள் வீட்டில் கட்டினபடி நிற்கின்றன, நேற்றுப் பின்னேரம் வைத்த தண்ணீர்தான், கிணற்றில் அள்ளி ஊற்ற ஆள் இல்லை என்றார். பக்கத்து வீட்டாரைக் கேட்கலாமே என்றேன்.

"பக்கத்து வீட்டுக்காரிதான் இந்தா இருக்கிறா" என்று தன் அருகில் நித்திரை கொண்டிருந்த பெண்ணைக் காட்டினார். "ரெண்டு பேரும் ஆளை ஆள் நம்பி வெளிக்கிட்டனாங்கள்."

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதி பண்ணையைவிட நீளம். அதன் நடுப்பகுதிக்கு வந்தபோது பஸ்ஸின் வயிற்றுக்குள் ஏதோ அறுந்து அடித்தது. சாரதி ஓரமாக நிறுத்தினார். ஆரபியின் கையைப் பிடித்தேன். பஸ்ஸுக்குள் வேறு ஒருவரும் கலங்கவில்லை. பெல்ற் போச்சுது என்று நடத்துநர் சொன்னதும், கோயில் பூசை முடிந்ததுபோல எல்லோரும் எழுந்து சாமான்களோடு இறங்கினார்கள்.

தெருவோரத்தில் மரமில்லை. பஸ்ஸின் நிழல் மட்டும். அங்கே நான் கண்டதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு முதல் ஆச்சரியம். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் சனம் தன்பாட்டில் வரிசைப்பட்டது. நெடுந்தீவுக்காரர் முன்னால். அடுத்து நயினாதீவுக்குப் போகிறவர்கள். புங்குடுதீவுக்காரர், வீடு கிட்ட இருந்தும், கடைசியில். குறிகட்டுவான் பக்கம் போகிற வாகனம் எதுவானாலும் நடத்துநர் கை காட்ட நிறுத்தியது. வரிசையில் முன்னுக்கு நின்றவர்கள் ஏறினார்கள்.

என் பக்கத்தில் ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டிய பெரியவர் ஒருவர் நின்றார். தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற புங்குடுதீவுக்காரர். கண்ணில் சத்திரசிகிச்சை முடித்து வருகிறார். இது என்ன ஒழுங்கு என்று அவரைக் கேட்டேன்.

"கடல் கடக்கிற ஆக்கள் முன்னுக்கு" என்றார். "தரையிலை போறவன் நடந்தும் போவான். கடலிலை நடக்கேலாதுதானே."

வள்ளக்காலத்திலிருந்தே அப்படித்தானாம். தாம்போதி வந்த பிறகும், போரில் பஸ் அரிதாகி லொறியிலும் உழவு இயந்திரத்திலும் சனம் போன காலத்திலும் அதை யாரும் மாற்றவில்லை. காலியாக ஒரு இருக்கையை வைத்துக்கொண்டு இந்தத் தெருவில் யாரும் போவதில்லை என்றும் சொன்னார். பாலைநிலத்தில் நிழல் பிடித்துக்கொண்டு நின்ற லொறிக்காரரை நினைத்துக்கொண்டேன்.

மீன் ஏற்றப் போகிற வெறும் லொறி ஒன்று, அந்த உயரத்துக்கு ஏற ஏலாத எங்களைப் போன்ற சிலரை விட்டு, மற்றச் சனத்தையெல்லாம் அள்ளிப் போனது. பிறகு நயினாதீவு விகாரைக்கு வந்த தென்னிலங்கை யாத்திரிகர் வான் ஒன்று. அதற்குள் ஏற்கெனவே நெருக்கம். முதிய அம்மா ஒருவர் மகனைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது. கொழும்பில் சில காலம் வேலை செய்தவள் நான். "ஒதுங்கி இரு. கும்பிடப் போகிறபோது இடமில்லை என்று சொல்லாதே." மகன் ஒதுங்க ஒரு ஆளுக்கு இடம் வந்தது. முறைப்படி அது மேரி அக்காவின் இடம். அவர் பின்னால் திரும்பி, கைக்குழந்தையோடு நின்ற ஒரு நெடுந்தீவுப் பெண்ணைப் பிடித்து முன்னே தள்ளினார். பக்கத்து வீட்டுக்காரி லொறியிலேயே போய்விட்டார். ஆனால் அவர் போயும் பயனில்லை, வீட்டுத் திறப்பும் மாடுகளும் மேரி அக்காவுடையவை. அந்த மாடுகள் வேறு ஆட்களைக் கிட்ட விடாதாம்.

அதன் பிறகு வாகனமே வரவில்லை. நடத்துநர் படகுக்காரருக்குப் போன் எடுத்தார். கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறேன், காற்று ஏறுகிறது, கன நேரம் ஏலாது என்று பதில் வந்தது. மற்ற எல்லோரும் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். மிஞ்சியது மேரி அக்கா, கண் கட்டிய பெரியவர், நாங்கள் இருவர்.

அப்போது புங்குடுதீவுப் பக்கமிருந்து ஊதா நிற ஸ்கூட்டி ஒன்று வந்தது. அதை ஓட்டி வந்தவர் பஸ் திருத்த வந்த மெக்கானிக். எல்லோரும் பாஸ் என்று கூப்பிட்டார்கள். இங்கே கைவேலை தெரிந்த எவரும் பாஸ்தான். சாமான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கீழே போனார், பார்த்தார், தலையை மட்டும் வெளியே நீட்டினார். நட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது, நேரமெடுக்கும், சாரதியும் நடத்துநரும் பிடிக்க வேண்டும் என்றார். பிறகு மேரி அக்காவைக் கண்டு, என்ன நெடுந்தீவோ என்று கேட்டார். ஓம் என்றதும் திறப்பை எடுத்து நீட்டினார்.

"ஸ்கூட்டி சும்மாதானே நிக்குது. ஆரும் ஓடத் தெரிஞ்சவை இவவைத் துறையிலை இறக்கிப்போட்டு வாங்கோ."

முன்பின் தெரியாத ஆட்களிடம் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கொண்டு ஓடினாலும் எங்கை ஓடுறது? றோட்டு முடியிற இடத்திலை கடல்" என்றார் பாஸ்.

பெரியவர் தன் கண் கட்டைத் தொட்டுக் காட்டினார். மேரி அக்கா மாடு தவிர ஒன்றையும் ஓட்டியதில்லை என்றார். எனக்கு ஸ்கூட்டி ஓடத் தெரியாது. திறப்பு பாஸின் எண்ணெய்க் கையில் வெயிலில் தொங்கியது.

ஆரபிக்கு ஓடத் தெரியும் என்று நான் சொல்லாமல் விட்டால் முடிந்தது. அந்த இடத்தில் எங்கள் இருவரையும் தவிர வேறு எவருக்கும் அது தெரியாது. மேரி அக்கா எவரையும் கேட்கவும் இல்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, "சரி, நாளைக்குப் போவம்" என்று கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மகளைப் பார்த்தேன். அவள் மேரி அக்காவையோ என்னையோ பார்க்கவில்லை. ஸ்கூட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசியோடு இருக்கிற பிள்ளை, வேறு வீட்டுச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பார்ப்பதுபோல.

"இவவுக்கு ஓடத் தெரியும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது. ஆரபி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மேரி அக்காவுக்கு முன்னால் போய் நின்று, நீதிமன்றத்தில் சொல்வதுபோலச் சொன்னாள்: "அக்கா, நான் ஒருக்கால் கார் பிரட்டினனான். பக்கத்திலை இருந்தவவுக்கு எலும்பு முறிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு நான் ஒண்டும் ஓடேல்லை."

மேரி அக்கா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், ஆறுதலுக்காக உடனே தலையாட்டவில்லை.

"கார் எண்டா நாலு சில்லு" என்றார். "இது ரெண்டு சில்லுதானே பிள்ளை. பாதிப் பயம் போதும்."

பஸ்ஸுக்குக் கீழே இருந்து பாஸ் சிரித்த சத்தம் கேட்டது. சீற்றுக்குக் கீழே தன் மனுசியின் ஹெல்மெற்றும் கிடக்கிறது, இரண்டு பேரும் போடுங்கோ என்றார். ஆரபி திறப்பை வாங்கினாள். ஹெல்மெற்றின் வாரை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். மேரி அக்கா ஏறி, தெரியாத பிள்ளையின் இடுப்பைத் தன் பிள்ளையின் இடுப்பைப்போலக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

போனார்கள்.

நேரான தெருவின் கொடுமை இது. வளைவு இருந்தால் பிள்ளை திரும்பி மறைந்துவிடுவாள், மனம் ஒருவாறு ஆறும். இதில் சின்னதாகிச் சின்னதாகி, கானல் நீரில் நெளிந்து, ஒரு கரும்புள்ளியாகி, அந்தப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு நிலை. காற்று தெற்கிலிருந்து குறுக்கே அடித்தது. அவள் சரிந்து சரிந்து போவதாகவே எனக்குப் பட்டது. கூட்டிக்கொண்டு வருவேன் என்று நேர்ந்த தெய்வத்தின் வாசலுக்கு இவ்வளவு கிட்ட வந்து என்ன காரியம் செய்தேன் என்று என்னையே திட்டினேன். பெரியவர் ஏதோ தபால் பைகள் வள்ளத்தில் வந்த கதை சொன்னார். ஓம் ஓம் என்றேன். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. பார்த்தால் இன்னும் மெதுவாகப் போகும் என்று பயம். கடைசியில் கானலுக்குள் ஏதோ அசைந்தது. ஊதா நிறம். கிட்ட வர வர, அதில் இரண்டு தலைகள். ஒன்றுதானே இருக்கவேண்டும். படகு போய்விட்டது, மேரி அக்காவைத் திருப்பிக் கொண்டுவருகிறாள் என்று நினைத்தேன். பிள்ளை முதன்முதல் துணிந்த காரியம் இப்படியா முடியவேண்டும்?

பின்னால் இருந்து இறங்கியது வேறொரு பெண். கையில் ஒரு தேநீர் பிளாஸ்க், வாழையிலையில் சுற்றிய பொதி.

"எங்கடை ஸ்கூட்டியிலை ஆரோ ஒரு பெட்டை வாறாள் எண்டு குறுக்கை நிண்டு மறிச்சனான்" என்றார் அவர் பொதுவில். பாஸின் மனைவி. "கேட்டால், உங்கடை மனுசன்தான் தந்தவர் எண்டு வடிவாச் சொல்லுறாள். சரி, போற போக்கிலை இவருக்கு வடையும் கொண்டு வருவம் எண்டு ஏறினன்." பிறகு பஸ்ஸின் கீழ்ப்பக்கம் குனிந்து, "எனக்குத் தர ஏலாத ஸ்கூட்டி ஊருக்குக் குடுக்க ஏலுமோ?" என்று கேட்டார். பாஸ் சுத்தியலால் பதில் சொன்னார்.

மேரி அக்கா படகில் ஏறிவிட்டார் என்று ஆரபி சொன்னாள். கயிற்றை அவிழ்த்துவிட்டு அவருக்காகவே பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அவள் முகம் வெயிலில் சிவந்திருந்தது. அல்லது வேறு எதனாலோ. "அம்மா ஏறுங்கோ, மத்தியானப் பூசைக்குப் போகலாம்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடுவதற்குள், பெரியவர் குறுக்கிட்டார்.

"ஓடுற ஆளின்ரை ஆக்கள் கடைசி, தங்கச்சி."

நாங்கள் கடல் கடக்கிற ஆக்கள் என்று வாதாடினேன். உள்ளுக்குள் எனக்கு ஏறவும் பயம், அவளைத் திரும்ப அனுப்பவும் பயம். பெரியவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"அதுவும் ஒரு சட்டம்தான். இல்லாட்டி ஒவ்வொருத்தனும் தன்ரை மனுசியை ஏத்திக்கொண்டு போயிடுவான், மற்றச் சனம் வெயிலுக்கை கிடக்கும்."

பாஸின் மனைவி அதை ஆமோதித்தார். அதனால்தான் தனக்கு ஒருநாளும் முன்னுக்கு இடம் கிடைத்ததில்லை என்றார். ஆகவே ஆரபி பெரியவரை ஏற்றினாள். அவருக்குக் கண் மருந்து விடுகிற நேரமும் வந்திருந்தது. வீடு தாம்போதி முடிந்து கொஞ்சத் தூரம். அவர் ஹெல்மெற்றைக் கண் கட்டின் மேல் பக்குவமாக இறக்கிக்கொண்டு, மெல்ல ஓட்டச் சொன்னார். அவள் மெல்ல ஓட்டினாள்.

பாஸின் மனைவி பஸ் படியில் என்னை இருத்தி, வாழையிலையைப் பிரித்தார். உழுந்து வடை, இன்னும் சூடு. கூடவே இடித்த செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்ட சம்பல். வெறும் வயிறு. விரதம் என்று நினைத்துக் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. பூசைக்கு முன் சாப்பிடலாமா என்று தயங்கினேன். அம்மன் உழுந்தைக் கணக்கில் எடுக்கமாட்டா என்றார். அவருடைய மகன் பிரான்சில் இருக்கிறானாம், அங்கே பனியில் லொறி ஓட்டுகிறானாம். பயமில்லையா என்று கேட்டேன்.

"பயம்தான்" என்றார். "அவன் ஓடேக்கை நான் இஞ்சை இருந்து பயந்து என்ன, அவன்ரை லொறிக்குப் பெற்றோலோ வரும்?"

அந்தப் பதிலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மருமகள் கதை. வெள்ளைக்காரி, ஆனால் பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழ் என்றால் கோப்பையை நக்குவாளாம். பிறகு அவுஸ்திரேலியாவில் நண்டு என்ன மாதிரி என்று கேட்டார். நீலக்கால் நண்டு இருக்கிறது, ஆனால் இந்தக் களப்பு நண்டின் இனிப்பு இல்லை என்று நான் விளக்கத் தொடங்கினேன். சதைப்பிடிப்பைக் கையால் காட்டி, நாங்கள் எப்படி முருங்கையிலை போட்டுக் காய்ச்சுகிறோம், அங்கே முருங்கையிலைக்கு என்ன பாடு படுகிறோம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு, இரண்டாவது வடையின் பாதியில் இருந்தேன்.

"அம்மா, உங்கடை முறை."

நிமிர்ந்து பார்த்தேன். ஆரபி முன்னால் நின்றாள். ஸ்கூட்டி பக்கத்தில் நின்றது. அவள் போனதைத்தான் கண்டேன். வந்ததை நான் காணவே இல்லை. தெருவில் புள்ளி தோன்றியதையோ, அது பெரிதானதையோ பார்க்கவில்லை. அந்த நேரம் முழுக்க என் பிள்ளை ஒரு வாகனத்தில் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். நான் நண்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

அதே வேளை பஸ்ஸும் உறுமி எழும்பியது. நடத்துநர் ஏறச் சொன்னார். முழுப் பஸ்ஸும் காலி; எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பாஸ், திருத்தினது தாங்குதா என்று பார்க்கத் துறைவரை பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். அவர் மனைவி, மனுசனின் வேலையில் நம்பிக்கையில்லாமல் தானும் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி, ஸ்கூட்டியில் கொழுவியிருந்த ஹெல்மெற்றை எடுத்து என் கையில் தந்தார். துறையில் ஸ்கூட்டியை வாங்கிக்கொள்வார்களாம். "கெதியாப் போங்கோ, பூசைக்கு முந்திப் படகு ஒண்டுதான் இருக்குது."

நான் பஸ்ஸைப் பார்த்தேன். அது நடுங்கிக்கொண்டு நின்றது. ஆரபி ஸ்கூட்டியில் இருந்து, காலை ஊன்றி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள். ஹெல்மெற்றைப் போட்டேன், வார் எனக்கு இறுக்கம். ஏறினேன். என் பிள்ளையின் இடுப்பைப் பிடித்தேன். அவள் முதுகு வியர்த்திருந்தது.

தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். காற்று காதில் இரைந்தது. கொஞ்சத் தூரம் போனதும் அவள் முன்னாலிருந்து கத்தினாள்.

"அம்மா, கண்ணைத் திறவுங்கோ."

"மூடினது உனக்கெப்பிடித் தெரியும்?"

"கண்ணாடியிலை தெரியுது."

"கண்ணாடியைப் பாக்காதை. றோட்டைப் பார்."

அவள் தோள் குலுங்கியது; சிரிக்கிறாள். கண்ணைத் திறந்தேன். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கடல், நடுவில் தெரு. கூழைக்கடாக்கள் சில கரையோரத்தில் நின்றன. எதிரே மீன் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்தவர் எங்களைக் கண்டு தலையை ஒரு பக்கம் ஆட்டிவிட்டுப் போனார், ஆரபியும் ஆட்டினாள். தாம்போதி முடிந்து தென்னைகளும் பனைகளும் மதில்களும் வந்தன, வெறும் வீடுகளும் புது வர்ணம் அடித்த வீடுகளும் மாறி மாறி வந்தன. முன்னால் தூரத்தில், தெரு முடிகிற இடத்தில், மீண்டும் நீலம். அங்கே ஒரு படகு கரையோடு ஒட்டி நின்றது. அதில் சனம் ஏறுவது தெரிந்தது.

அவள் மிக ஒழுங்காக, மிக மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய காதுக்குக் கிட்டக் குனிந்து, இன்னும் கொஞ்சம் வேகமாகப் போ, படகை விட்டிடுவம் என்றேன்.